கிளவுஸ் கம்பெனிக்கு வந்த பிரியாணி ஆர்டர்

தங்கச்சி புருஷனைப் பற்றிப் புறம் பேசக் கூடாது என்று எனக்கும் தெரியும். பேசாமல் இருந்து பார்த்தேன், கோபம் குறையவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஆம்பூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கிளவுஸ் யூனிட் இருந்தது. வெல்டிங் வேலை செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை. பெரிய கம்பெனி ஒன்றுக்குத் தைத்துக் கொடுத்துவந்தோம். இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் தங்கள் இடத்திலேயே தைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்களிடம் தைத்த பெண்கள் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாங்குகிற வெளிநாட்டு ஆளை நாமே பிடித்தால்தான் யூனிட் நிற்கும் என்ற நிலை. சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக ஒரு ஜெர்மனிக்காரருக்குச் சாம்பிள் அனுப்பினேன். அவருக்குப் பிடித்துப்போனது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு நேரில் வருவதாகச் சொன்னார்.

வெப்சைட் தங்கச்சி மாப்பிள்ளையின் பொறுப்பு. சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். தேடுபொறியில் எங்கள் பெயர் எங்கோ பின்னால் கிடந்தது. முன்னால் கொண்டுவருகிறேன் என்றார். ஜனங்கள் எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஏதோ செய்தார். கொஞ்ச நாளில் ஒரு கோட்டுப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கோடு மாடிப்படி மாதிரி ஏறியது.

"பாத்தீங்களா மச்சான், நம்ம சைட்டுக்கு எவ்ளோ ஜனம் வருதுன்னு."

நான் அன்றே நன்றி சொல்லி ஷுக்ராக இரண்டு ரக்அத் தொழுதேன்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. "கல்யாணத்துக்கு மட்டன் பிரியாணி வேணும், பெங்களூருக்கு அனுப்புவீங்களா?" ராங் நம்பர் என்று வைத்தேன். மறுநாள் இன்னொருவர், தொட்டுக்கொள்ளத் தால்ச்சாவும் உண்டா என்றார். என் மனைவி கேட்டாள்: "என்னங்க, அடுப்ப பத்த வெச்சிடட்டா? இவ்ளோ பேரு கேக்கறாங்களே."

சத்துவாச்சாரிக்குப் போனேன். மாப்பிள்ளை வெட்கமே படவில்லை. கிளவுஸ் படத்துக்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மவுஸை இழுத்துக் காட்டினார். ஒளிந்திருந்த எழுத்துகள் தெரிந்தன. ஆம்பூர் பிரியாணி, ஆம்பூர் பிரியாணி என்று பக்கம் முடிகிற வரைக்கும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து.

"இன்னா மாப்ள இது?"

"கிளவுஸ தேடுறவன் கம்மி மச்சான். ஆம்பூர்னு அடிச்சா ஜனம் பிரியாணிய தான் தேடுது. கருவியே காட்டுது. ஜாஸ்தி பேரு இருக்கற எடத்துல தான் போர்டு வெக்கணும்."

"தோல்ல உண்ணி கடிச்ச குறி இருந்தாகூட விரிச்சுக் காட்டித் தான் விக்கிறோம். ஒளிச்சு வெச்சு விக்கறது ஹராம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது தோலு மச்சான். இது கம்ப்யூட்டரு. ரெண்டையும் கலக்காதீங்க."

"எடுத்துடுங்க."

"எடுத்தா கூட்டம் போய்டும்."

"போவட்டும். கிளவுஸ் வாங்கறவன் ஒருத்தன் வந்தா போதும்."

எடுத்துவிடுகிறேன் என்றார். தங்கை முகத்துக்காக நம்பிவிட்டு பஸ் ஏறினேன். அவர் எடுக்கவில்லை.

அடுத்த போன் ஏஜென்டிடமிருந்து. "பாய், உங்க கம்பெனி பேர போட்டா ஒண்ணுமே வரல. நேத்து வரைக்கும் வந்திச்சி. ஜெர்மனிக்காரரு கேக்கறாரு, இப்டி ஒரு கம்பெனி நெஜமாவே இருக்குதான்னு."

மறைத்து எழுதியதைக் கண்டுபிடித்துத் தேடுபொறி எங்களைத் தன் பட்டியலிலிருந்து மொத்தமாகத் தூக்கிவிட்டிருந்தது. நான் மிஷின்களைப் பார்த்துக்கொண்டே, இருக்கிறோம் ஐயா, இருக்கிறோம் என்று சொன்னேன். இருப்பதை எப்படி நிரூபிப்பது? ஜெர்மனிக்காரர் பேர்ணாம்பட்டில் வேறு யூனிட்டைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "எல்லாரும் செய்றது தானே, உங்க நேரம் சரியில்ல" என்றார். அவருடைய சோம்பலை என் தலைவிதியில் எழுதிய அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன்பின் பிரவுசிங் சென்டரில் நானே உட்கார்ந்தேன். அங்கிருந்த பையனை வைத்து வெள்ளை எழுத்தை எல்லாம் அழித்து, பாஸ்வேர்டையும் மாற்றச் செய்தேன். அந்தக் கருவியில் பிரியாணியை விட்டுவிட்டு, வெல்டிங் கையுறை வாங்குகிறவன் என்ன சொல் போடுகிறான் என்று தேடினேன். ரொம்பக் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குப் புரிகிறபடி தோலின் வகையையும் தையலையும் உள்ளது உள்ளபடி எழுதினோம். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி, முகம் தெரியாத அந்தத் தேடுபொறிக் கம்பெனிக்கு மனுவும் போட்டோம்.

பெயர் திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் தைக்கிற பெண்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார்கள். மீதிப்பேரை வைத்துச் சின்னச் சின்ன ஆர்டர் செய்து யூனிட்டைக் காப்பாற்றினேன்.

மன்னிக்கச் சொல்கிறது மார்க்கம். துஆவில் மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வெப்சைட்டின் பாஸ்வேர்டை மட்டும் அவருக்கு இன்றுவரை கொடுக்கவில்லை.