ஜீவ பந்த்து

உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர் அது. மூடிகூட இல்லாத வெறும் பச்சை போர்டு. கவரைக் கிழித்ததும் வந்த வாசனை என்னை ஜோகுபாளையம் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. டெலிபோன் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அம்மாவின் புடவையில் இதே வாசனைதான் அடிக்கும், கூடவே வாடிய மல்லிகையும்.

ஆயுத பூஜையன்று மட்டும் பிள்ளைகளை ஃபேக்டரிக்குள்ளே விடுவார்கள். அம்மா தன் மேஜையிலிருந்த போனை எடுத்து என் காதில் வைத்தாள். கொர்ரென்று ஒரே சத்தம்.

"யாரும்மா பேசறாங்க?"

"யாரும் இல்லடி. ஜீவ பந்த்து."

உயிர் வந்துவிட்டது என்பதன் கன்னடம் அது. ஈயத்தை உருக்கி சால்டர் வைத்த போர்டு வேலை செய்தால் ஃபேக்டரியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டில் கரண்ட் திரும்பி வந்தாலும் அம்மாவுக்கு அதே வார்த்தைதான்.

இப்போது இந்தப் பச்சை போர்டில் மெமரி கார்டைச் செருகி, டிவியோடு ஒயரை இணைத்து, சுவிட்சைப் போட்டேன். டிவி கறுப்பாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா டிவியைப் பார்க்கவே இல்லை. குனிந்து, போர்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"சத்தமே இல்லியேடி."

அப்போது போர்டின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று படபடவென்று துடித்தது. ஜீவ பந்த்து என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.