டேப்பு பார்த்த லாரி

வக்கீலம்மாவின் குமாஸ்தாவுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் டேப்பு. லாரி மோதி விழுந்த பாதசாரிகளின் வழக்குகள்தான் அங்கே வரும். விழுந்த இடத்தை டேப் பிடித்து அளப்பது அவர் வேலை. அளந்தோமா வந்தோமா என்று இருக்கமாட்டார். அடிபட்டவர் எங்கே இறங்கினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று தானே நடந்து காட்டுவார். ஒரு லாரியும் அவரை உரசியதில்லை. ஆனாலும் அவரளவுக்கு அடிபட்டவர் ஊரில் யாரும் கிடையாது.

தையல் வேலை பார்த்த பெண்ணுக்கு ஒரு கால் போயிருந்தது. அன்றைய நினைவும் கூடவே போயிருந்தது. சிக்னலை மதிக்காமல் குறுக்கே ஓடினாள் என்று லாரி கம்பெனி தரப்பு சாதித்தது. தீர்ப்பும் அப்படியே ஆகிவிட்டால் செயற்கைக் காலுக்கு வழியில்லை. ஏதாவது நினைவு வருமா என்று டேப்பு அவளைச் சக்கர நாற்காலியில் அந்தச் சந்திப்புக்கே தள்ளிக்கொண்டு போனார். வெயிலுக்குக் குடை பிடித்தபடி வெள்ளைக் கோடுகளில் நடந்து காட்டினார்.

"இன்னொரு தடவை நடங்கண்ணே."

நடந்தார். மறுவாரமும் நடந்தார். கடைசியில் நினைவு வந்தேவிட்டது. கோர்ட்டில், கூண்டில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று கண்ணீரோடு சொன்னாள்.

"லாரி சட்டுனு இடப்பக்கம் திரும்புச்சு. டிரைவர் கண்ணாடியப் பாக்கவே இல்ல. நான் குடைய இறுக்கிப் புடிச்சேன்."

"என்ன குடைம்மா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"கறுப்புக் குடை. பிடி உடைஞ்சு நூல் சுத்தியிருக்கும்."

"அதோ, உங்க குமாஸ்தா கக்கத்துல இருக்கே, அது மாதிரியா?"

கோர்ட்டே சிரித்தது. திரும்பிப் பார்த்த அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது.

வெளியே வந்ததும் வக்கீலம்மா பிடித்துக்கொண்டார். "நடந்து காட்டச் சொன்னா, அவ தலைக்குள்ள குடித்தனமே வச்சுட்டீங்களே!"

மிச்சமிருந்தது ஒரே வழி. தனக்கு எதுவும் நினைவில்லை என்று அவள் மறுபடி கூண்டேறி ஒத்துக்கொள்ள வேண்டும். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தபிறகுதான் அவள் இறங்கினாள் என்பதை, அந்தச் சந்திப்பின் மூலையில் உட்கார்ந்து சாவி செய்பவர் பார்த்திருந்தார்; அவர் சொல்வார். குடைக் கதை நிற்கும்வரை அவர் சாட்சியும் எடுபடாது. அவள் மசியவில்லை.

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாண்ணே. அதையும் குடுத்துட்டா கால் சும்மாவே போன மாதிரி ஆயிடும்."

"அது உன்னோடது இல்லம்மா. என்னோடது."

"உங்கள லாரி அடிக்கவே இல்லியே?"

டேப்பு குடையை அவள் மடியில் வைத்து, நூல் சுற்றிய பிடியைக் காட்டினார்.

அடுத்த வாய்தாவில் கூண்டேறினாள். இரவல் சாமானைத் திருப்பிக் கொடுப்பவள் போல அவரையே பார்த்துக்கொண்டு, "எனக்கு எதுவும் ஞாபகமில்ல" என்றாள். சாவிக்காரரின் சாட்சி நின்றது. வழக்கு ஜெயித்தது.

புதுக் கால் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவள், இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது என்றாள். "அன்னைக்கு என்னதாண்ணே ஆச்சு? யோசிச்சா எல்லாம் வெறும் வெள்ளையா இருக்கு." சொல்லும்போதே சிரித்தாள்.

டேப்பு வீட்டுக்குப் போகும் பஸ் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். பச்சை விழுகிறது, ஜனங்கள் கடக்கிறார்கள், சிவப்பு விழுகிறது, மறுபடி பச்சை. அவர் இறங்குவதாக இல்லை.

பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. "போங்க சார், வண்டி எதுவும் வரலியே."

"வருது" என்றார் டேப்பு.