பாலிகைக்கு வந்த பாவடி மண்

எந்த மண்ணில் எது முளைக்கும் என்று தெரியாதவர் பாலிகைக் கிண்ணத்தைத் தொடக் கூடாது. எனக்குச் சம்பந்தியாக வாய்த்தவர் தொட்டதோடு நிற்கவில்லை. ஊருக்கே பாடமும் நடத்தினார்.

உலகச் சண்டைக் காலம். நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. ஆனாலும் எங்கள் நெசவுக்கார வழக்கப்படி, மகள் கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் பாலிகை போட்டோம். இரு வீட்டாரும் தனித்தனி மண்கிண்ணங்களில் நவதானியம் விதைப்பார்கள். முளை செழித்தால் குடும்பம் செழிக்கும். அம்மன் மேல் பாரத்தைப் போட்டுத்தான் விதைக்கிறோம். அதற்காக அவளே வந்து மண்ணையும் சலித்துத் தருவாளா?

நாங்கள் புற்றுமண்ணை உதிர்த்து, ஆற்று மணலும் மக்கிய சாணப்பொடியும் கலந்து நிரப்பினோம். சம்பந்தியோ தம் ஊரான இளம்பிள்ளையிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். பாவடி மண்ணாம். தறிக்கான பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுகிற பொது இடத்து மண்.

"நம்ம தொழில் மண்ணுங்க சம்பந்தி. காலங்காலமாக் கஞ்சி குடிச்ச மண்ணு. காஞ்ச குச்சிய நட்டாலும் துளுக்கும்."

"கஞ்சி குடிச்சது புளிச்சுப் போகுமுங்க. தண்ணியும் எறங்காதுங்களே."

"புத்துமண்ணு பாம்புக்குங்க. லட்சுமி இருக்கற மண்ணு இதுதானுங்க."

அந்த லட்சுமியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூல் பிசிறும் கஞ்சிப் பொருக்கும்தான் இருந்தன. அதைக் கிண்ணங்களில் போட்டு, பானையில் புளியை அடைப்பதுபோலக் கைமுட்டியால் குத்தி இறுக்கினார். அவர் சம்சாரம் விதைத்தார்.

மறுநாளே கஞ்சி வாசனைக்கு எறும்பு வந்தது. எள்ளையும் நெல்லையும் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஊர்வலம் போனது. அது விட்டுவைத்த மொச்சை ஊறி நாறியது. ஐந்தாறு நாளில் எங்கள் கிண்ணங்களில் முளை விரல் நீளம் நின்றது.

கல்யாணத்துக்கு முன்தினம் உறவுக்காரர் எல்லாரும் கூடியிருந்தபோது சம்பந்தி வந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பொண்ணோட ராசி எப்பிடியோ என்னமோ..."

உள்ளே அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த என் மகளின் கை நின்றுவிட்டது. இந்தச் சொல் ஒரு பெண்ணின் மேல் ஒட்டினால் சாகும் வரை உரியாது.

"உங்க கிண்ணத்த எம்மக தொடவே இல்லீங்க" என்றேன்.

நான் மேலே பேசுவதற்குள் அவர் சம்சாரம் எழுந்துவிட்டார். "வெதச்சவ நானுங்க. அப்ப எனக்குத்தான் ராசி இல்லீங்களா? எறும்புக்கு விருந்து வெச்சுப்போட்டு, ஊட்டுக்கு வார புள்ளையப் பேசறீங்களே!"

சபை சிரித்தது. சற்று நேரத்தில் புழக்கடைக்கு என்னைத் தேடி வந்தார் லட்சுமி மண்ணுக்காரர்.

"வெறுங்கிண்ணத்த மணவறையில வெச்சா நல்லாருக்காதுங்க சம்பந்தி. உங்க முளையில கொஞ்சம்..."

"தாரேனுங்க. சபையில சொன்னத சபையிலயே எல்லாருங் கேக்கத் திருப்பி எடுத்துக்குங்க. அப்பறம் அந்த மண்ணத் தெருவுல கொட்டிப்போட்டு வாங்க."

வேறு வழி? "பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க, மண்ணு சரியில்ல" என்று சபையில் நின்று முனகினார். அப்போதும் பழி மண்ணுக்குத்தான்! தம் கையாலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். முளைகளில் பாதியை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தேன்.

உள்ளே அம்மிச் சத்தம் மறுபடியும் கேட்டது.