சேனாதிபதி லாரியின் ஜிபிஎஸ் பெட்டி

கொடைக்கானல் மலையிலுள்ள கவுஞ்சியிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூண்டும் கேரட்டும் ஏற்றிப் போகிற டிரைவர் சேனாதிபதி வாய் திறப்பதே அபூர்வம். திறந்தால் பொய் வராது. அவரைப் போய் முதலாளி அழகுமலை, திருட்டு லோடு அடிக்கிறார் என்றுவிட்டார். லாரி எங்கே போகிறதென்று காட்டும் ஜிபிஎஸ் பெட்டி சில மாதமாகப் பாதி வழியில் ஊமையாகிவிடுகிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டு வேறெங்கோ போய்வருகிறாராம்.

"பெட்டி நல்லாருக்குன்னு தெரிஞ்சா, சாவியை வச்சிட்டு வேற சோலியப் பாரு" என்றார் அழகுமலை.

கொடைக்கானலில் இந்தப் பெட்டிகளை மாட்டும் ஷர்மிளா வந்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து அதை ஒயரோடு வெளியே இழுத்து வெயிலில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சேனாதிபதி குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"எப்படித்தான் வேலை செய்யுது தாயி இது?"

அவள் மூடியைத் திறந்தாள். "இந்த வெள்ளைச் சதுரம்தான் ஆன்டெனாண்ணே. சேட்டிலைட் சிக்னல் இங்க வந்து சேரும்போது உசுரே இருக்காது. பக்கத்துல இருக்கறது வேண்டாத அலையை வடிகட்டிப் பெருசாக்கும். அப்புறம் அலை துடிக்கிற வேகத்தைக் குறைச்சு, நம்பரா மாத்தி, சிப்புக்கு அனுப்பும். அப்பவும் வெறும் இரைச்சல்தான். ஆனா ஒவ்வொரு சேட்டிலைட்டும் அனுப்புற அடையாளக் குறியீடு சிப்புக்கு முன்னாடியே தெரியும். அதை முன்னயும் பின்னயும் நகர்த்திப் பொருத்திப் பார்த்து, இரைச்சலுக்குள்ள இருந்து சிக்னலைக் கண்டுபிடிச்சுரும். எவ்வளவு தாமதமா வந்துச்சுன்னு பார்த்தா தூரம் தெரியும். நாலு சேட்டிலைட் கெடைச்சா, நாம நிக்கிற எடம்."

சேனாதிபதிக்கு மனைவி முருகேஸ்வரி ஞாபகம் வந்தது. தகரத்தில் மழை கொட்டும், டிவி கத்தும், குக்கர் விசிலடிக்கும். அத்தனைக்கும் நடுவே கீழ்வளைவில் அவர் லாரி கியர் மாற்றுவது அவளுக்குக் கேட்டுவிடும். வேறு லாரி ஏறினால் தலை தூக்கமாட்டாள். அவர் வாசலில் இறங்கும்போது தோசைக்கல் காய்ந்திருக்கும். "எப்புடிடி தெரியுது?" என்பார். "இது தெரியாமயா குடும்பம் நடத்துறேன்?" என்பாள். அதெல்லாம் ஒரு காலம். போன தையில் அவள் போய்ச் சேர்ந்தாள். இப்போது அவர் எப்போது வந்தாலும் வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

ஷர்மிளா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இந்தத் தட்டு எப்ப வச்சது?"

முருகேஸ்வரி விளக்கு வைத்துக் கும்பிட்ட பித்தளைத் தட்டு. தனியாக வீட்டில் கும்பிட மனம் வராமல், அவர்தான் அதை எடுத்துவந்து டேஷ்போர்டின் மேல் ஒட்டி, பூவும் விபூதியும் வைத்திருந்தார். பெட்டி இருந்த இடம் அதற்கு நேர் கீழே.

"பிளாஸ்டிக்னா சிக்னல் நுழையும், பித்தளைக்குள்ள நுழையாதுண்ணே. ஓரமா வர்றதையும் மலை மறைச்சா அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மறுபக்கம் மாட்டினாள்.

விஷயம் கேட்டு ஓடிவந்த அழகுமலைக்கு முகம் விழுந்துவிட்டது. "தப்பாப் பேசிட்டேன் சேனாதிபதி. உன்னைய வேவு பார்க்கணுமா நான்? அந்தப் பெட்டியே வேணாம், கழட்டி எறி."

"இருக்கட்டுங்கண்ணே" என்றார் சேனாதிபதி. "நான் எங்க வந்துக்கிட்டு இருக்கேன்னு யாருக்காச்சும் தெரியட்டும்."