நேரில் வந்தவள்

பிரெஞ்சு பேசும் ஊரான லொங்குய்யில் குடியிருக்கும் புஷ்பராணிக்கு நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு படிப்பு ஆசை வந்தது. ஆசை என்று சொல்வதுகூடப் பிழை. வில்லரேயில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் வருடக்கணக்காகக் காய்கறி வெட்டியவள். பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு ஏறவேண்டுமென்றால் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சேர்ந்தாள். பிரெஞ்சில் படிப்பது அவளுக்குக் கல்லில் நார் உரிக்கிற வேலைதான். அதையும் உரித்தாள்.

தை மாதம் ரொறொன்ரோவில் அவளுடைய அண்ணை ஆனந்தராசா மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீடு வெள்ளிக்கிழமை. வகுப்பும் வெள்ளிக்கிழமை. காய்ச்சலில் படுத்ததில் விடக்கூடிய நாள்களெல்லாம் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. இன்னும் ஒரு நாள் விட்டால் பாடமே போய்விடும். பொறுப்பாளர் மதாம் லாவுவாவிடம் போய், அன்று மட்டும் ரொறொன்ரோவிலிருந்து ஒன்லைனில் வருகிறேன் என்று கெஞ்சினாள். மதாம் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். பிறகு, இது நேரடி வகுப்பு, ஒன்லைனுக்கு மாற்றுவது கல்லூரியே தவிர மாணவர் அல்ல, ஆள் இங்கே இருக்கவேண்டும் என்றார். அனுதாபத்துக்கு அந்தக் கல்லூரியில் ஒருநாளும் பஞ்சமில்லை.

ஆள் அங்கே இருந்தாள். மத்தியான இடைவேளையில் படிக்கட்டில் குந்தியிருந்து, போனில் நேரலையாக அண்ணையைப் பார்த்தாள். ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கூடப்பிறந்த ஒரே தங்கச்சியின் கை மட்டும் அதில் இல்லை. படிப்பு முடிந்தால் யாருக்கும் பதில் சொல்லலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பின்னேர வகுப்புக்குப் போனாள். அவளுக்கு மச்சாளான அண்ணையின் மனைவி அதன்பின் இவளுடைய போனை எடுக்கவே இல்லை.

அடுத்த கிழமை பனிப்புயல் அடித்தது. மெட்ரோ மாறுகிற இடத்தில்தான் போனில் அறிவித்தல் கண்டாள்: இன்று வகுப்பு ஒன்லைனில். வேறொருவர் என்றால் அங்கேயே ஒரு மூலை பார்த்துப் போனைத் திறந்திருப்பார். எங்கள் சனம் அப்படியா? நல்லதோ கெட்டதோ, நேரில் போய் முகம் காட்டினால்தான் போனதாகக் கணக்கு. மதாமும் அதைத்தானே சொன்னார்! முழங்கால் பனியில் நடந்து போய், காவலாளியைக் கொண்டு அறையைத் திறப்பித்து, முன்வாங்கில் கோட்டோடு உட்கார்ந்தாள். வேலையிடத்திலிருந்து மகள் சாருஜா அழைத்தாள்.

“அம்மா, போனில எண்டாலும் வகுப்புக்குள்ள போங்கோ.”

“நான் வகுப்புக்குள்ளதானே பிள்ளை இருக்கிறன்.”

சாருஜா படித்துப் படித்துச் சொன்னாள். புஷ்பராணி கேட்கவில்லை. செத்தவீட்டைப் பார்த்த அந்தச் சின்னத் திரை அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. வெறும் அறையில் வகுப்பு முடியும் நேரம்வரை இருந்துவிட்டுத்தான் எழும்பினாள்.

வரவில்லை என்று பதிந்தார்கள். பாடம் போனது. அவள் வந்திருந்ததைக் காவலாளி சொன்னான், மதாம் மறுக்கவுமில்லை. கட்டடத்துக்கு வந்தது உண்மைதான், வகுப்புக்கு வரவில்லையே என்று அனுதாபத்தோடு சொன்னார். காப்பகத்தில் அவளுக்கென்று வைத்திருந்த இடம் வேறொருத்திக்குப் போனது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். கல்லூரியை நம்பி அண்ணையைக் கைவிட்ட இவளைப் பார்த்து யார் சிரிப்பது? எனக்கு வயிறுதான் எரிகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ரொறொன்ரோ போனாள். படையல் முடிந்து பந்தியில் இருந்தபோது, எதிரே இருந்த மச்சாள் செத்தவீட்டுக்குப் பிறகு முதல்தடவையாக, எல்லோரும் கேட்க அவளுடன் கதைத்தாள்.

“அண்ணையை விட்டிட்டுப் படிச்ச படிப்பு எப்பிடிப் போகுது?”

“நல்லாப் போகுது மச்சாள்,” என்று சொல்லிவிட்டு, புஷ்பராணி சோற்றைப் பிசைந்தாள்.