கரையில் நிற்பவர்களுக்கு ஒரு சொல்

அந்தச் சொல்லைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

தம்பி கலியாணம் கட்டிக் கல்குடாவில் இருக்கிறான். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரரை எஞ்சின் படகில் ஏற்றி மட்டக்களப்பு வாவியைச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். "அக்கா, அவங்க சிரிக்கிற மாதிரி ஒரு இங்கிலீசுச் சொல்லுச் சொல்லித் தாவன்" என்றான். நான் இங்கிலீஷ் டீச்சர், கேட்டால் விடுவேனா? 'கொங்கூஸ்லர்' என்றேன். வேலைவெட்டியில்லாமல் கரையில் நின்று படகுகளை விடுப்புப் பார்க்கிறவர்களுக்கு, இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுக்காரர் வைத்த நக்கல் பெயர் அது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. வெறித்துப் பார்ப்பதற்கு நாட்டுப்புறத்தில் வழங்கிய இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டதாக ஒரு பேச்சு.

"நம்மட ஊர்ல முழுப்பேரும் அதுதானே!" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

பிறகு ஒருநாள் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் ஆற்றுக்கு வலை போடப் போனவர் விடிந்தும் திரும்பவில்லை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இப்படியான நாளில் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆண்கள் தோணிகளில் தேடப் போவார்கள், மற்றவர்கள் கரையில் நிற்போம். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், அழவும் மாட்டோம். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தம்பியின் படகு வந்தது. விஷயம் அவனுக்குத் தெரியாது, சரி. ஆனால் ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு, ஊரே வாய் திறக்காமல் நிற்பதைக் கண்டால் விளங்க வேண்டாமா? எங்களைக் காட்டி அவர்களுக்கு ஏதோ சொன்னான். படகிலிருந்த அத்தனை பேரும் கையசைத்துக்கொண்டு, ஒரே குரலில் அந்தச் சொல்லைக் கத்தினார்கள். ஒருத்தி படமும் எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"டீச்சர், அவங்க என்ன சொல்றாங்க?" என் கையைப் பிடித்திருந்தவள் கேட்டாள். "அவரக் கண்டவங்களாமா?"

அந்தக் கரையில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன படிப்புப் படித்தேனோ, மண்ணாங்கட்டி! எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அவங்களும் தேடுறாங்களாம் புள்ள" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய், அந்தப் படகைப் பார்த்துக் கும்பிட்டாள்.