செலின் அக்கா கேட்ட கையெழுத்து

செலின் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசிக்கு வந்தபோது, அவருடைய பெயர் என் எதிரே இருந்த திரையில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். தொழிற்சாலைப் பேருந்துகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தைக் கொள்கலன் லோரிகளுக்கும் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். திட்டம் வெற்றி என்பதற்கு ஆதாரமாக, அக்காவும் நானும் கையெழுத்திட்ட பழைய மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டினார்கள். "அக்கா காலையில போயிட்டாங்க. நாளைக்கு அடக்கப் பூசை" என்று அவருடைய தங்கை அனுப்பியிருந்தார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த அறிக்கை தவறு என்று அந்த அறையில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொல்லவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இளவயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் போய் வந்தவர். பிறகு படித்து, அரசாங்கத்தில் சாலைப் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தார். நான் அங்கே சேர்ந்தபோது அவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தார். ஆய்வுக்கு அலுவலகக் காரில் போக மாட்டார். பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். "கார்ல போனா பிரேக் சத்தம் கேக்காது தம்பி" என்பார். என் அறிக்கைகளில் 'சுமார்' என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பேருந்துத் திட்டம் அவர் வகுத்தது. ஒவ்வொரு பேருந்திலும் ஓட்டுநர் எழுதவேண்டிய ஒரு பழுதுப் புத்தகம். ஓராண்டுக்குப் பழுதோ விபத்தோ பதிவாகாத வண்டிக்குக் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் உள்ள வண்டிகளையே தொழிற்சாலைகள் முதலில் வாடகைக்கு எடுக்கும். ஆள் போதவில்லை என்று, திட்டத்தை மதிப்பிடும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். சமைத்தவரிடமே ருசி எப்படி என்று கேட்ட கதைதான். நாங்கள் இருவரும் வண்டி வண்டியாக ஏறிப் புத்தகங்களைப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் காலியாக இருந்தது. எவ்வளவு மகிழ்ந்தோம் தெரியுமா? அக்கா ஓட்டுநர்களின் தோளைத் தட்டிப் பாராட்டினார். அறிக்கை எழுதி முடித்த அன்று எல்லோருக்கும் அவர் செலவில் மீ கோரேங் நூடுல்ஸ்.

சில வாரங்கள் கழித்து, மழை பெய்த ஒரு காலையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கிய பேருந்து ஒன்று நிற்காமல் போய், நின்றிருந்த லோரியில் மோதியது. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்த துண்டு மட்டும் முழுசாக இருந்தது.

ஓட்டுநர் முனியாண்டி அண்ணனை மருத்துவமனையில் பார்த்தோம். இடது காலில் கட்டுப் போட்டிருந்தார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், முன்பே தெரியுமா என்று. அவர் மறைக்கவில்லை.

"பிரேக் சரியில்லன்னு மூனு மாசமா தெரியும்க்கா. புக்குல எழுதுனா ஸ்டிக்கர் போயிரும், பாஸ் என்னை நிப்பாட்டிருவாரு. நீங்களும் வெறும் புக்கப் பாத்துத்தானே தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனீங்க."

 அந்த வாரமே அக்கா இரண்டு பக்கத் திருத்தம் ஒன்றை எழுதினார். "ஓட்டுநர்கள் பயந்து எழுதாமல் விட்டதை நான் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டேன். இந்த மதிப்பீட்டைத் திரும்பப் பெறுகிறோம்" என்று அதில் இருந்தது. அறிக்கையில் இருவர் கையெழுத்து இருப்பதால் திருத்தத்திலும் இருவர் வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அக்கா கையெழுத்திட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

நான் போடவில்லை. பதவி உயர்வுக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சின்னவர்கள், கொஞ்சம் பொறுக்கலாமே என்றெல்லாம் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"பயப்படுறது தப்பில்ல தம்பி. ஆனா பயந்து எழுதாம விட்ட ஒருத்தர இப்பத்தானே ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்தோம்" என்றார். தாள்களை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பதவி உயர்வு கிடைத்தது. அக்கா பணி ஓய்வு பெற்றார். அதன் பிறகும் புதன்கிழமைகளில் பேருந்துகளில் ஏறி ஓட்டுநர்களிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னை அழைத்துப் பிள்ளைகளை விசாரிப்பார். கையெழுத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தபோதும் கேட்கவில்லை. நான்தான் பார்க்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பூசையன்று தேவாலயத்தின் கடைசி வரிசையில் முனியாண்டி அண்ணன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார். மகன் இப்போது மாக் மண்டின் தொழிற்பேட்டையில் கொள்கலன் லோரி ஓட்டுகிறானாம்.

"லோரிக்கும் ஸ்டிக்கர் வருதாமே தம்பி. பிரேக் போச்சுன்னா எம்மவன் புக்குல எழுதலாமா, வேணாமா? அக்கா இருந்தா அவங்கள்ட்ட கேட்டிருப்பேன்லா."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கோலை ஊன்றி வெளியே நடந்தார்.

அக்கா, அந்த இரண்டு தாள்களை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. ஓரம் பழுத்துவிட்டது, உங்கள் கையெழுத்தின் மையும் மங்கிவிட்டது. அதற்குக் கீழே எனக்காக நீங்கள் போட்டுவைத்த கோட்டில் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை கூட்டத்தில் இயக்குநரின் முன்னால் வைத்தேன். "இவ்வளவு வருஷம் எங்கே இருந்தது இது?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது என்றேன். வாங்கி வைத்திருக்கிறார். என்ன செய்வார் என்று தெரியவில்லை. முனியாண்டி அண்ணனுக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியையே போட்டேன் அக்கா. முன்தேதி போட்டிருந்தால் நீங்கள் சிவப்பு மையை எடுத்திருப்பீர்கள். நான் எவ்வளவு காலம் பயந்திருந்தேன் என்பது படிப்பவர்களுக்குத் தெரியட்டும். போய் வாருங்கள்.